மழைக்குப் பிறகு சைக்கிள் ஹப்: எண்ணெய் விடலாமா, பிரிக்கலாமா, கடையில் கொடுக்கலாமா, மாற்றிவிடலாமா?

தீபாவளி நெருங்கி மழை ஓயும்போது பர்மாவில் யாங்கோனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். சக்கரம் கரகரக்கிறது, ரிம்மைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது; கோளாறு சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் ஹப்பில். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு நட்டை இறுக்கினால் போதுமா? வீட்டிலேயே பிரித்து கிரீஸ் வைக்கலாமா? கடையில் முழுசாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவராயிலுக்கு விடலாமா? இல்லை, குண்டுகளை ஒரு வளையத்துக்குள் மூடி அடைத்த சீல்டு பேரிங் போட்ட ஹப்புக்கே மாறிவிடலாமா?

யாங்கோன் நகருக்குள் 2003 முதல் மோட்டார்சைக்கிளுக்குத் தடை இருக்கிறது. அதனால் இங்கே சைக்கிளும், பக்கத்தில் ஆள் ஏறும் பெட்டி வைத்த சைக்காவும் உழைப்பாளியின் வண்டிகள். பன்சோடன் துறையிலிருந்து டலாவுக்குப் போகும் படகில் ஏறுகிற சைக்கிள்களைப் பாருங்கள். கேரியரில் காய்கறிக் கூடை, ஹேண்டிலில் டிபன் கேரியர், பின்னால் ஒரு பிள்ளை. அந்த வண்டி ரெண்டு நாள் நின்றால் வீட்டுக் கணக்கு இடிக்கும். அதனால்தான் இந்தக் கேள்விக்குப் போகிற போக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹப்புக்குள் குண்டு ஓடும் கப்பு நன்றாக இருக்கும் வரை, சாதாரணமாக ஓடுகிற சைக்கிளுக்கு நாமே பிரித்து கிரீஸ் வைப்பதுதான் மேல். ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பொருந்தாத இடங்களையும் கீழே சொல்கிறேன்.

## உள்ளே இருப்பது என்ன

நம் பக்கம் ஓடுகிற சைக்கிள்களில் பெரும்பாலானவை கப்பு-கோன் வகை. ஹப்பின் இரண்டு முனையிலும் குழிந்த கப்பு அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சின் மரையில் கோன் ஏறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் குண்டுகள் ஓடும். முன் சக்கரத்தில் வழக்கமாக 3/16 அங்குலக் குண்டு, பக்கத்துக்குப் பத்து. பின் சக்கரத்தில் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு ஒன்பது. கோனை உள்ளே திருகினால் சக்கரம் இறுகும், வெளியே திருகினால் ஆட்டம் வரும். சரியான இடத்தில் கோனைப் பூட்டி வைப்பது லாக்நட்டின் வேலை.

தேய்மானம் வந்தால் திருகிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது இந்த வகையின் பெரிய வசதி. தண்ணீரைத் தடுக்க மெல்லிய தகரத் தூசுமூடி மட்டுமே இருப்பது அதன் குறை. சில ஹப்புகளில் ரப்பர் வளையமும் இருக்கும். எதுவாக இருந்தாலும், முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனால் தண்ணீர் உள்ளே போகும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கப்பின் நிலை. இதுதான் முதலாவது, மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். கோன் கெட்டால் கோனை மாற்றலாம், குண்டு கெட்டால் குண்டை மாற்றலாம், ரெண்டும் மலிவு. கப்பு ஹப்பின் உடம்போடு சேர்ந்தது. அதில் குழி விழுந்துவிட்டால் எத்தனை கிரீஸ் வைத்தாலும் கரகரப்பு போகாது. புதுக் குண்டும் புதுக் கோனும் கூடச் சீக்கிரமே கெடும். எனவே கப்பைப் பார்க்காமல் காசு செலவழிக்காதீர்கள்.

தண்ணீர். மோல்மேனில் வருடத்துக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் மழை. யாங்கோனில் சுமார் 2,700. மாண்டலேயில் 850 பக்கம்தான், அங்கே ஹப்புக்கு எதிரி புழுதி. ஒரே சைக்கிள், ஒரே கிரீஸ், ஆனால் ஊருக்கு ஊர் ஆயுள் வேறு. உங்கள் தெருவில் ஹப் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்குமா, சும்மா தெறிக்க மட்டும் செய்யுமா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பாரம். 30 வீசை அரிசி மூட்டை என்றால் 49 கிலோ. அதைக் கேரியரில் வைத்து ஓட்டுகிற வண்டியின் பின் ஹப்பும், பள்ளிக்குப் போய் வருகிற பிள்ளையின் வண்டி ஹப்பும் ஒரே அளவு தேயாது. பாரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இதைச் சைக்காவைப் பற்றிச் சொல்லும்போது விரிவாகப் பார்க்கலாம்.

பாகம், கருவி, நேரம். உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன கிடைக்கும், உங்களிடம் என்ன ஸ்பேனர் இருக்கிறது, வண்டி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும். கியாட் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எதற்கும் ரேட் எழுதவில்லை; எது எதைவிட மலிவு என்று மட்டும் சொல்கிறேன்.

## முடிவுக்கு முன் செய்ய வேண்டிய சோதனை

வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். ரிம்மை ரெண்டு பக்கமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று சிறு ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. அப்புறம் சக்கரத்தை மெதுவாக ஒரு தள்ளு தள்ளி விடுங்கள். நல்ல ஹப்பென்றால் வால்வு கனத்துக்குச் சக்கரம் தானே கீழே வந்து, கடிகார ஊசல் போல ரெண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி நிற்கும். சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம், இல்லையென்றால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. பின் சக்கரத்தில் செயினும் அது ஓடும் பல்சக்கரமான பிரீவீலும் இழுக்கும் என்பதால் செயினைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது நல்லது.

சக்கரம் சுற்றும்போது ஃபோர்க்கில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

இந்தச் சோதனைகளால் ஹப் சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கப்பு போய்விட்டதா என்பதற்கு மட்டும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

## முதல் வழி: எண்ணெய் விட்டு இறுக்குவது

தெருவில் அதிகம் நடப்பது இதுதான். தையல் மிஷின் எண்ணெய், எஞ்சின் ஆயில், சில நேரம் டபிள்யூடி-40, கையில் எது கிடைக்கிறதோ அது. அச்சு ஓரத்தில் விட்டதும் கரகரப்பு அடங்கிவிடும், அடங்கியதே குணமானது போலத் தோன்றும்.

உண்மையில் மெல்லிய எண்ணெய் உள்ளே இருக்கிற மிச்ச கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. டபிள்யூடி-40 துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, பேரிங்குக்குள் தங்கி வேலை செய்கிற மசகு அது இல்லை. ஒழுகிய எண்ணெய் ஸ்போக்ஸ் கம்பி வழியாக ரிம்முக்குப் போனால் பிரேக் பிடிக்காது. ஜப்பான் பழைய வண்டிகளில் பின்னால் இருக்கும் பேண்டு பிரேக்குக்குள் எண்ணெய் இறங்கினால் அந்தப் பட்டையையே மாற்ற வேண்டி வரும். இதன் மறைமுகச் செலவு இங்கே இருக்கிறது.

ஆட்டம் இருக்கிறதே என்று வெளிநட்டை மட்டும் இறுக்கினாலும் பயனில்லை. வெளிநட்டு சக்கரத்தை ஃபோர்க்கோடு பிடிக்கிறது, ஆட்டத்தைத் தீர்ப்பது கோன்.

சரி, இந்த வழிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஹப்பின் நடுவில் சின்ன எண்ணெய்த் துளையும் அதை மூடும் தகட்டுக் கிளிப்பும் உள்ள பழைய இங்கிலீஷ் வகை ஹப்புகள் எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அதில் அடிக்கடி கொஞ்சம் எண்ணெய் விடுவது முறையான பராமரிப்பு. அப்புறம், வழியில் தண்ணீரில் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரை எப்படியாவது ஓட்ட வேண்டும் என்றால் ரெண்டு சொட்டு விடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள்.

## இரண்டாவது வழி: நாமே பிரித்து கிரீஸ் வைப்பது

என் மனம் நிற்பது இங்கேதான். கிரீஸ் வைப்பதை விட, வைத்த பிறகு ரெண்டு வாரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்து லேசாகச் சரிசெய்வதில்தான் ஹப்பின் ஆயுள் இருக்கிறது. அந்த இரண்டாம் பார்வைக்கு யாரும் கடைக்குப் போக மாட்டார்கள். ஸ்பேனர் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

தேவையானவை: வெளிநட்டுக்கு 14, 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், கோனுக்கு மெல்லிய கோன் ஸ்பேனர், வழக்கமாக முன்னுக்கு 13, பின்னுக்கு 15, லாக்நட்டுக்கு 17 வரை. கோனில் ஸ்பேனர் பிடிக்கிற இடம் ரெண்டு மில்லிமீட்டர் அகலம்தான். சாதாரண ஸ்பேனர் அங்கே நுழையாது, கட்டாயப்படுத்தினால் முனை மழுங்கும். கோன் ஸ்பேனர் கிடைக்காவிட்டால் பழைய ஸ்பேனர் ஒன்றைக் கிரைண்டரில் தேய்த்து மெலிதாக்கிக்கொள்ளலாம். பட்டறைக்காரர்கள் செய்து கொடுப்பார்கள். மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, கிழிந்த லுங்கித் துணி, ஓரம் உயர்ந்த ஒரு தட்டு. ஓரம் உயர்ந்திருப்பது அவசியம். குண்டு உருண்டு ஓடினால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போகும்.

முன் சக்கரத்தில் தொடங்குங்கள். ஒரு பக்கத்துக் கோனையும் லாக்நட்டையும் தொடாமல் விட்டுவிட்டு, மறுபக்கத்தை மட்டும் கழற்றினால் போதும். அச்சை உருவும்போது சக்கரத்தைத் தட்டுக்கு மேல் படுக்கவைத்துப் பிடியுங்கள். குண்டுகளை எண்ணி, பக்கம் மாறாமல் தனித்தனியாக வையுங்கள்.

இப்போது பழைய கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் பழசாகிவிட்டது, அவ்வளவுதான். பால் கலந்த தேநீர் நிறத்தில் குழைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துரு வேலையைத் தொடங்கிவிட்டது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் கோனைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரு கோடாகத் தெரிந்தால் நல்லது. அந்தக் கோட்டில் ஊசி குத்தியது மாதிரி புள்ளிகள் இருந்தால் கோனை மாற்றுங்கள். கப்புக்குள் கண்ணால் பார்ப்பது கஷ்டம். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் முனையைத் தடத்தின் மேல் வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கப்பு பிழைத்தது. ஒரு இடத்தில் டிக்கென்று விழுந்து எழுந்தால் அங்கே குழி இருக்கிறது. நான்கு வழிகளில் எது உங்களுக்கு என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்தப் பேனா முனைதான்.

குண்டுகளை எப்படியும் புதிதாகப் போடுங்கள். ஹப்பில் மிக மலிவான பாகம் அதுதான், பழசையும் புதுசையும் கலந்து போட்டால் பருமனான குண்டின் மேலேயே பாரம் முழுதும் விழும். வலைக்கூட்டுக்குள் அடைத்த குண்டு இருந்தால் கூட்டை எடுத்துவிட்டு உதிரிக் குண்டு போடலாம். அதிகக் குண்டுகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். கப்பு நிறைய அடுக்கிவிட்டு ஒன்றை எடுத்துவிடுவது பழைய கணக்கு. நெருக்கி அடைத்தால் குண்டும் குண்டும் உரசும்.

கிரீஸ் எது? இரண்டாம் எண் லித்தியம் கிரீஸ் எங்கும் கிடைக்கும், மாண்டலே, பகான் பக்கத்துப் புழுதிக்கு அது தாராளம். கீழ்ப்பர்மா மழைக்குத் தண்ணீரில் கரையாத கால்சியம் வகையோ, படகுக்குப் போடுகிற மரைன் கிரீஸோ நல்லது. டெல்டாப் பக்கம் படகு எஞ்சின் பாகம் விற்கிற கடைகளில் கேளுங்கள். நிறத்தை வைத்துத் தரம் பார்க்காதீர்கள்; நீலமும் சிவப்பும் கம்பெனி போடும் சாயம். வேறு வகை கிரீஸுக்கு மாறுகிறீர்கள் என்றால் பழசைச் சுத்தமாகக் கழுவுங்கள், சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும். கப்பு நிறையத் தாராளமாக வையுங்கள். ஹப்பின் குழாய் முழுக்க அடைக்க வேண்டியதில்லை. பூட்டிய பிறகு வெளியே பிதுங்குகிற கிரீஸில் ஒரு மெல்லிய வளையத்தை விட்டுவிட்டால் அதுவே முதல் தண்ணீர்த் தடுப்பு.

பூட்டும்போதுதான் கை நிதானம் வேண்டும். கோனை விரலால் திருகி ஆட்டம் போகும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கால் சுற்று பின்வாங்குங்கள். கோனை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். மரையில் இருக்கும் சின்ன இடைவெளியால், லாக்நட்டு இறுகும்போது கோன் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். முதலிலேயே இறுக்கமாக வைத்திருந்தால் இப்போது அளவுக்கு மீறி இறுகும். பிறகு சோதியுங்கள். ஆட்டம் இருந்தால் லேசாக உள்ளே, கனமாகச் சுற்றினால் லேசாக வெளியே. முதல் தடவையே சரியாக அமைவது அபூர்வம்; மூன்று நான்கு முறை திருத்துவது இந்த வேலையில் சகஜம். நெம்புகோலால் பூட்டுகிற குயிக் ரிலீஸ் அச்சாக இருந்தால், கழற்றி வைத்திருக்கும்போது மயிரிழை ஆட்டம் விடுங்கள். நெம்புகோலைப் பூட்டும்போது அச்சு அழுந்தி அந்த ஆட்டம் மறையும்.

ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் பிரேக் பிடிக்கும் பழைய ராட் பிரேக் வண்டிகளின் முன் ஹப்பில் லாக்நட்டே இருக்காது. ஒரு கோன் அச்சில் நிலையாக நிற்கும், மற்றதைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். அந்தத் திருகும் கோன் இடது பக்கம் வர வேண்டும். வலது பக்கம் மாட்டினால் ஓட்டும்போது அது தானே இறுகிக்கொண்டே போகும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், கருவி முதல் தடவை காசு கேட்கும், அப்புறம் கேட்காது. நேரம்தான் உண்மையான விலை. முன் சக்கரம் லேசு. பின் சக்கரத்தில் மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பிரேக் கை எல்லாம் ஒரே அச்சு நட்டில் தொங்கும். கழற்றிய வரிசையில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மாட்டும்போது வாஷர் ஒன்று கையில் மிஞ்சாது.

இது யாருக்கு நல்லது: கப்பு நன்றாக இருக்கிற சாதாரண சைக்கிள் எல்லாவற்றுக்கும். தினமும் ஓட்டி, அதன் சத்தத்தை அறிந்தவர்களுக்கு.

## மூன்றாவது வழி: கடையில் ஓவராயில்

வேப்பமரத்தடியில் ஒரு பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கிற சைக்கிள்காரரிடம் நம் வீட்டில் இல்லாத மூன்று இருக்கின்றன: பிரீவீல் கழற்றும் கருவி, பழைய கோன்கள் நிறைந்த ஒரு டப்பா, வருஷக்கணக்கான கைப்பழக்கம். மரை தேய்ந்த அச்சையோ வழக்கில் இல்லாத அளவுக் கோனையோ அந்த டப்பாவிலிருந்து எடுத்துப் பொருத்துவது நம்மால் ஆகாத வேலை. சக்கரம் கோட்டமாக இருந்தாலும் அவரே ஸ்போக்ஸ் பிடித்து நேராக்கிவிடுவார்.

குறை கையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. ஆனி மழையிலும் மழை விட்ட பிறகும் வரிசை நீளம். அந்த நெருக்கடியில் பழைய கிரீஸின் மேலேயே புது கிரீஸ் அப்பப்படும், பழைய குண்டே திரும்பப் போகும். மணல் கலந்த கிரீஸின் மேல் புது கிரீஸ் வைத்தால் மணல் உள்ளேயே தங்கிவிடும். ஆட்டம் தெரியக் கூடாது என்று இறுக்கிக் கொடுப்பதும் உண்டு. வாடிக்கையாளர் ஆட்டத்தைக் குறை சொல்வார், இறுக்கத்தைச் சொல்ல மாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். இறுக்கமோ ஆட்டத்தை விட வேகமாகக் கப்பைத் தின்னும்.

நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான். குண்டையும் கிரீஸையும் நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். அவசரப்படுத்தாமல் காலையிலேயே வண்டியை விடுங்கள். "அண்ணே, மூடுறதுக்கு முன்னாடி கோனையும் கப்பையும் கொஞ்சம் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கைக்காரர் அதை ஆர்வமாகவே காட்டுவார். வாங்கும்போது அங்கேயே வால்வுச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

இது யாருக்கு நல்லது: கோனும் அச்சும் மாற்ற வேண்டியவர்களுக்கு, பிரீவீல் கழற்ற வேண்டியவர்களுக்கு, மிதித்தே பிரேக் பிடிக்கும் கோஸ்டர் ஹப் உள்ளவர்களுக்கு. கோஸ்டர் ஹப் சூடாகும், அதற்கு அந்தச் சூட்டைத் தாங்கும் கிரீஸ் வேண்டும், உள்ளே பாகங்களும் அதிகம்.

## நான்காவது வழி: சீல்டு பேரிங் ஹப்

இதில் கோன் இல்லை. குண்டும் அதன் தடமும் ஒரே வளையத்துக்குள் அடைக்கப்பட்டு, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடியோடு வரும். கெட்டால் முழு பேரிங்கையும் தட்டி எடுத்துப் புதிது அழுத்த வேண்டும். 6000, 6001, 608 போன்ற எண்கள் பேரிங்கிலேயே பொறித்திருக்கும். 6001 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மில்லிமீட்டர், எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. சைக்கிள் கடையில் இல்லாவிட்டாலும் மோட்டார் கட்டும் கடையில் கிடைக்கும் என்பது இந்த வகையின் உண்மையான பலம். வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும், அது ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி, மழைக்கு ஆகாது.

இப்போது செலவைப் பார்ப்போம். பலரும் இதை பேரிங் விலை என்றே நினைக்கிறார்கள். உங்கள் கப்பு-கோன் ஹப்புக்குள் இந்த பேரிங்கைத் திணிக்க முடியாது, ஹப்பே மாற வேண்டும். பழைய இங்கிலீஷ், இந்திய ராட் பிரேக் வண்டிகளில் முன் ரிம்முக்கு 32 துளை, பின் ரிம்முக்கு 40 துளை. கடையில் வரும் சீல்டு ஹப்புகள் பெரும்பாலும் 32 அல்லது 36. ஆக, பின் சக்கரத்துக்கு ஹப்போடு ரிம்மும் புதிது, ஸ்போக்ஸ் முழு செட்டும் புதிது, பின்னிக் கோட்டம் எடுக்கிற கூலி தனி. ஃபோர்க் அகலமும் இடிக்கும். புது முன் ஹப்புகள் 100 மில்லிமீட்டர், அந்தப் பழைய ஃபோர்க்குகள் அதைவிடக் குறுகல். கடைசியில் ஒரு முழுச் சக்கரத்தின் விலைக்கு மேலேயே போய்விடும்.

சீல்டு என்ற பேரை நம்பி வெள்ளத்தில் இறக்குவதும் தப்பு. ரப்பர் மூடி தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும், முங்கினால் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் அதே மூடியால் வெளியேற முடியாமல் அங்கேயே இருந்து துருப்பிடிக்க வைக்கும். மூடியை ஊசியால் நெம்பி எடுத்துக் கழுவி கிரீஸ் வைக்கலாம், பலருக்கும் இது தெரிவதில்லை. ஒருமுறை தட்டி வெளியே எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். தட்டிய அடி குண்டு வழியாகத் தடத்தில் விழுந்திருக்கும். புதிதைப் பொருத்தும்போதும் வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும்.

இது யாருக்கு நல்லது: கப்பு குழி விழுந்து எப்படியும் சக்கரம் மாற்ற வேண்டியவர்களுக்கு, கியர் வைத்த புது வகை வண்டிக்காரர்களுக்கு, தினமும் மழையில் ஓட்டியும் ஸ்பேனரைத் தொட நேரமில்லாதவர்களுக்கு.

## பக்கத்தில் பக்கமாக

| | எண்ணெய் விடுவது | நாமே பிரிப்பது | கடை ஓவராயில் | சீல்டு ஹப் |
|---|---|---|---|---|
| கைக்காசு | மிகக் குறைவு | முதலில் கருவி, பிறகு குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | கிரீஸ் கரைவது, பிரேக் கெடுவது | அரை நாள் நேரம் | அவசர வேலை, அதிக இறுக்கம் | ரிம், ஸ்போக்ஸ், பின்னும் கூலி |
| கப்பு குழி விழுந்திருந்தால் | பயனில்லை | பயனில்லை | ஹப் மாற்றித் தரலாம் | ஏற்றது |
| மழை, தெறிப்பு | மோசம் | நல்ல கிரீஸ் என்றால் நன்று | கிரீஸைப் பொறுத்தது | மிக நன்று |
| ஹப் முங்கினால் | மோசம் | உடனே திறந்து கழுவலாம் | வரிசையில் நிற்க வேண்டும் | திறக்காவிட்டால் துரு |
| பக்கவாட்டுப் பாரம் | – | தாங்கும் | தாங்கும் | அவ்வளவாகத் தாங்காது |

## வண்டியைப் பொறுத்து

சைக்கா. நம் ஊர்ச் சைக்காவில் சைக்கிளுக்குப் பக்கத்தில் பெட்டி, அதில் முதுகோடு முதுகாக ரெண்டு பேர். தனிச் சைக்கிள் திருப்பத்தில் சாயும், பாரம் ஹப்புக்கு நேராகவே இறங்கும். சைக்கா சாய முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் பக்கவாட்டில் அச்சைத் தள்ளும். கப்பு-கோன் அமைப்பில் குண்டு சாய்வாகத் தொட்டு நிற்பதால் இந்தத் தள்ளலைத் தாங்கும். சாதாரண சீல்டு பேரிங் நேர்ப்பாரத்துக்கென்று செய்தது, பக்கத் தள்ளலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். சைக்கா ஓட்டும் அண்ணன்மார் யாராவது சீல்டு ஹப்புக்கு மாறலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். தரமான குண்டு, மரைன் கிரீஸ், மழைக்காலத்தில் மாதம் ஒரு சோதனை. மூன்றாம் சக்கரத்தின் ஹப்பை மறந்துவிடுகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் பழைய வண்டி. யாங்கோனில் எங்கும் இதுதான். முன் ஹப்பிலிருந்து விளக்குக்கு ஒயர் போனால் அது டைனமோ ஹப், வீட்டில் திறக்காதீர்கள், உள்ளே சுருள் அறுந்துவிடும். பின் ஹப்பில் மூன்று கியர் இருந்தால் ஆட்டத்தை மட்டும் வெளிக் கோனில் சரிசெய்யலாம், உள் பாகங்களைப் பிரிப்பது தனி வித்தை. ரோலர் பிரேக்குக்கு அதற்கென்றே கிரீஸ் உண்டு, ஹப் கிரீஸை அதில் வைக்க வேண்டாம்.

பகிர்வு வண்டி, அதாவது பலரும் மாறி மாறி வாடகைக்கு எடுத்து ஓட்டிய சைக்கிள். 2019-இல் சிங்கப்பூர், மலேசியாவில் மூடப்பட்ட பகிர்வுக் கம்பெனிகளின் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டு இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டன. திருட்டைத் தடுக்கச் சாதாரண ஸ்பேனருக்கு அடங்காத போல்ட்டுகள் உள்ள வண்டியென்றால், முதல் தடவை கடையில் கொடுத்து அதைச் சாதாரண நட்டாக மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு பிள்ளைக்கே கற்றுக்கொடுக்கலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை முன் ஹப்பை அழகாகச் செய்யும்.

வெள்ளத்தில் முங்கிய எந்த வண்டியும். பெகு ஆறு கரை மீறிய நாட்களில் வீட்டுக்குள்ளேயே முங்கி நின்ற சைக்கிள்கள் எத்தனையோ. தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவுவதில்தான் கவனம் போகும், நியாயம்தான். ஆனால் குண்டும் தடமும் துருப்பிடிக்கச் சில நாள் போதும். முழுசாகச் செய்ய நேரமில்லாவிட்டால், அச்சை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸைப் பூசி மூடி வையுங்கள். சரிசெய்வதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது செய்வது என்றால், கீழ்ப்பர்மாவில் வருடத்துக்கு இரண்டு முறை. சித்திரையில் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சானின் தண்ணீர் எல்லாம் ஊற்றி முடிந்த பிறகு, மே மாத நடுவில் மழை தொடங்குவதற்குள் ஒன்று. மழை விட்டு, தீபாவளியை ஒட்டி இன்னொன்று. மாண்டலே பக்கம் ஒரு முறை போதும். புதுக் குண்டு போட்ட ஹப் முதல் ரெண்டு வாரத்தில் கொஞ்சம் படிந்து இடம் கொடுக்கும், அப்போது ரிம்மைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் வந்திருந்தால் லாக்நட்டைத் தளர்த்தி, கோனை மயிரிழை உள்ளே கொண்டுபோய், திரும்பப் பூட்டுங்கள்.